சக்கரம் அகலமானால் மண் பிழைக்குமா?



சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இயற்பியல் படித்தவர். இப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், நகரத்திலிருந்து ஒதுங்கிய ஓர் ஊரில் வீடு வாங்கியிருக்கிறார். வீட்டின் பின்னால் அகன்ற புல்தரை. அதற்கு அப்பால் காய்கறித் தோட்டம் போட ஆசை. நல்ல மண்ணை அங்கே கொண்டுபோய்க் கொட்ட, மண்வாரி பொருத்திய சிறிய டிராக்டர் ஒன்றை வாடகைக்கு எடுக்க எண்ணினார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, "புல்தரைக்குக் கீழே உங்கள் வீட்டுக் கழிவுநீர் உறிஞ்சும் நிலம் இருக்கிறது, அதன்மேல் ஓட்டாதீர்கள்" என்று தடுத்துவிட்டாராம்.

"சார், டிராக்டரின் சக்கரம் நன்றாக அகன்றது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். பிறகு ஏன் பயப்பட வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி.

ஓட்டக் கூடாது என்பதே என் கருத்து. நான் சொல்லிக் கொடுத்த சூத்திரம் தவறன்று. ஆனால் அதை மண்ணின் மேற்பரப்போடு நிறுத்திவிட்டேன். அந்தக் குறையை இங்கே தீர்த்துக் கொள்கிறேன்.

முதலில் அந்தப் புல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டுக்குப் பொதுச் சாக்கடை இணைப்பு இல்லை. அத்தகைய வீடுகளில் கழிவுநீர் முதலில் செப்டிக் டாங்கிற்குள் செல்கிறது. கனமான பொருள்கள் அடியில் தங்குகின்றன. எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது. நடுவில் உள்ள கலங்கல் நீர் மட்டும் வெளியேறி, துளையிட்ட குழாய்கள் வழியாக, சரளைக்கல் நிரப்பிய நீண்ட பள்ளங்களில் பரவுகிறது. மேலே மண் மூடிப் புல் வளர்ந்திருக்கும். பார்ப்பவருக்கு அது வெறும் புல்தரை.

உண்மையில் அது ஒரு தொழிற்சாலை. நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதிப் பங்குதான் திடப்பொருள். மீதிப் பாதி இடைவெளி. அந்த இடைவெளிகளில் கொஞ்சம் நீரும் கொஞ்சம் காற்றும் இருக்கின்றன. அங்கே வாழும் பாக்டீரியா, ஆக்சிஜனைக் கொண்டு கழிவை உண்டு தீர்க்கின்றன. நோய்க் கிருமிகளை மண் துகள்கள் பிடித்து நிறுத்துகின்றன. இவ்வளவு வேலையும் அந்த வெற்றிடங்களை நம்பியே நடக்கிறது. ஆகவே வண்டியின் கனம் குழாயை உடைக்குமா என்று மட்டும் கேட்பது போதாது. உடைந்த குழாயை மாற்றிவிடலாம். வெற்றிடங்கள் நசுங்குமா என்பதே முக்கியமான கேள்வி.

இப்போது கணக்கிற்கு வருவோம். 60 கி.கி. எடையுள்ள ஒருவர் நடக்கும்போது, ஒரு கணம் முழு எடையும் ஒரே பாதத்தில் நிற்கிறது. பாதத்தின் பரப்பை 150 சதுர செ.மீ. என்று கொள்வோம். ஒரு சதுர செ.மீ.க்கு 0.4 கி.கி. எடை வீதம் அழுத்தம் விழுகிறது. 1,500 கி.கி. டிராக்டர் ஒன்றின் பின்சக்கரம் 500 கி.கி. எடையைத் தாங்குவதாகவும், அது தரையில் பதியும் பரப்பு 500 சதுர செ.மீ. எனவும் வைத்துக் கொள்வோம். அழுத்தம் சதுர செ.மீ.க்கு 1 கி.கி. ஆகிறது. மனிதனைப்போல் இரண்டரை மடங்குதான்! "இவ்வளவுதானா?" என்று உங்களுக்கும் தோன்றலாம். என் மாணவரின் கணக்கு இங்கேதான் நின்றுவிட்டது.

ஆனால் குழாய் இருப்பது தரையின்மேல் அன்று. ஏறக்குறைய ஓர் அடி ஆழத்தில். மேலே விழும் சுமை கீழே இறங்க இறங்கப் பக்கவாட்டில் பரவி மெலிகிறது. எவ்வளவு மெலிகிறது என்பதற்கு, பிரெஞ்சுக் கணித அறிஞர் புசினெஸ்க் 1885-இல் ஒரு சூத்திரம் தந்தார். மண் முழுதும் ஒரே சீரானது, மீள்தன்மை உடையது என்ற எடுகோளின்மேல் அமைந்தது அது. மண் அப்படி இருப்பதில்லை. ஆயினும் அடித்தளம் அமைக்கும் பொறியாளர்களுக்கு இன்றும் அது நல்ல வழிகாட்டி. அதன்படி 30 செ.மீ. ஆழத்தில் நடப்பவரின் அழுத்தம் சுமார் 0.03 கி.கி. ஆகச் சுருங்கிவிடுகிறது. டிராக்டருடையதோ சுமார் 0.22 கி.கி. இப்போது வேறுபாடு ஏழு மடங்கு! இன்னும் ஆழத்தில் அது எட்டு மடங்கைத் தாண்டுகிறது. அதாவது இரண்டின் எடை விகிதத்தை நெருங்குகிறது.

காரணம் எளியது. சிறிய பாதத்தின் சுமை விரைவில் பரவி மறைகிறது. அகன்ற சக்கரத்தின் பெரிய சுமை அவ்வளவு விரைவில் மறைவதில்லை. மேற்பரப்புக்கு அருகில் அழுத்தம் பேசுகிறது. ஆழத்தில் மொத்த எடை பேசுகிறது. அகன்ற சக்கரம் புல்லைக் காப்பாற்றும். புல்லுக்குக் கீழே உள்ள மண்ணை முழுதும் காப்பாற்றாது.

நசுங்கிய மண்ணில் நீர் எப்படி ஓடும்? நுண்ணிய குழாய் ஒன்றின் ஆரம் பாதியானால், அதில் ஓடும் நீர் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது பாய்சல் விதி. அதே இடத்தில் அத்தகைய மெல்லிய குழாய்கள் நான்கு அடங்கும் என்று சலுகை கொடுத்தாலும், மொத்த ஓட்டம் கால் பங்குதான். வீட்டார் குளிப்பதையும் துவைப்பதையும் கால் பங்காகக் குறைத்துக் கொள்வார்களா? நீர் வழியின்றித் தேங்குகிறது. தேங்கிய நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு. காற்றை நம்பிய பாக்டீரியா மடிகின்றன. கரிய வழுவழுப்பான படலம் தடித்து, எஞ்சிய துளைகளையும் அடைக்கிறது. முடிவில் நாற்ற நீர் புல்தரையில் கசியும். அல்லது வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். அருகில் கிணறு இருந்தால் அதற்கும் ஆபத்து.

மழை பெய்த பின் ஓட்டுவது இன்னும் கெடுதல். அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர், அணைகளின் கரையை இறுக்குவது பற்றி 1933-இல் எழுதியபோது ஓர் உண்மையைத் தெளிவாக்கினார். மண்ணை மிக நன்றாக இறுக்க, அதில் ஓரளவு ஈரம் இருக்க வேண்டும். சாலை போடுவோர் நீர் தெளித்துவிட்டு ரோலரை உருட்டுவது இதனால்தான். அணைக்கும் சாலைக்கும் வேண்டியது எதுவோ, அதுவே இங்கே வேண்டாதது. ஈரப் புல்தரையில் டிராக்டர் ஓட்டுபவர், தம் கழிவுநீர் நிலத்தின்மேல் தாமே சாலை போடுகிறார்!

"அப்படியானால் புல்லையே வெட்டக் கூடாதா?" என்று ஒருவர் கேட்கலாம். வெட்டலாம். கையால் தள்ளும் புல்வெட்டியாலோ, தரை உலர்ந்திருக்கும்போது இலேசான இயந்திரத்தாலோ பெரிய தீங்கு வராது. எல்லா இயந்திரத்தையும் ஒன்றாகப் பார்த்து அஞ்சுவதும் அறிவியல் ஆகாது. கார், லாரி, மண்வாரி, டிராக்டர் ஆகியவற்றுக்கே தடை வேண்டும். "ஒரே ஒரு முறைதானே" என்பாரும் உண்டு. ஆனால் மண் ரப்பரைப் போன்றதன்று. அழுத்தியது எடுக்கப்பட்டதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடாது. வேரும் மண்புழுவும் பல ஆண்டுகள் உழைத்துத்தான் அதைத் திறக்க வேண்டும். புதிய நிலம் அமைக்கவோ பல்லாயிரம் டாலர் ஆகும்.

இது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் ஊரிலும் செப்டிக் டாங்கை அடுத்து உறிஞ்சுகுழி வைத்த வீடுகள் பல. அதன்மேல் தண்ணீர் லாரியை நிறுத்துவதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு தகர டப்பாக்களின் அடியில் ஆணியால் துளையிட்டு, ஒரே அளவு தோட்ட மண்ணை நிரப்புங்கள். ஒன்றில் மண்ணை நனைத்துக் கட்டையால் நன்றாக இடியுங்கள்; மற்றதையும் நனைத்து, இடிக்காமல் விடுங்கள். இரண்டிலும் ஒரு குவளை நீர் ஊற்றி, வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். என் சொல்லை நம்புவதைவிட அந்தக் கடிகாரத்தை நம்புவது மேல்.

என் மாணவருக்கு இவ்வளவையும் எழுதினேன். பதில் வந்துவிட்டது. பக்கவாட்டு வேலியில் இரண்டு பலகைகளைக் கழற்றி, உறிஞ்சு நிலத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழியில், தள்ளுவண்டியில் மண்ணைக் கொண்டு சேர்த்தாராம். இரண்டு நாள் வேலை, முதுகு வலிக்கிறதாம். வலிக்கட்டும், முதுகு தானே தேறிவிடும்.