வெறும் வித்தையா? உயிரா?



“சும்மா வேகமா வாசிக்கிறது வெறும் வித்தை. இசைன்னா உயிர் வேணும்!” – விழா மேடையில் யாராவது விரல் பறக்க வாசித்தால், பின்வரிசையில் இருந்து உடனே இந்தத் தீர்ப்பு வந்துவிடும். வித்தை வேறு, உயிர் வேறு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நானூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலியக் கலைஞர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

1600-ஐ ஒட்டி ஐரோப்பிய இசையில் ‘பரோக்’ காலம் தொடங்கியது. அதுவரை அங்கே பாட்டுக்குத்தான் முதல் மரியாதை. வயலின் பெரும்பாலும் நடனத்துக்கும், பாடகருக்குத் துணையாகவும்தான் ஒலித்தது. (நம்ம கச்சேரியில் பாடகர் பக்கத்தில் இருக்குமே, அதே வயலின்தான்! பிறந்த ஊர் வட இத்தாலி.)

வார்த்தையே இல்லாமல் ஒரு வாத்தியம் தனியாகப் பேச முடியுமா? ‘முடியும்’ என்று காட்டியவர்களில் ஒருவர் வெனிஸ் நகரத்து டாரியோ காஸ்டெல்லோ. 1621-லும் 1629-லும் இவருடைய சொனாட்டாக்கள் புத்தகங்களாக வந்தன. வேகமாக ஓடும் இசை திடீரென்று நிற்கும். ஒரு வாத்தியம் மட்டும் மெதுவாக, மனசுக்குள் புலம்புவது மாதிரி பேசும். மறுபடியும் பாய்ச்சல்! பியாஜியோ மரீனி ஒரே வயலினில் இரண்டு தந்திகளைச் சேர்த்து ஒலிக்க வைத்தார். மூன்று வயலினுக்கான அவருடைய ‘எதிரொலி’ சொனாட்டாவில் இரண்டு பேர் மறைவில் நின்று பதில் வாசிக்க வேண்டும்!

ஜெர்மனியில் டிரெஸ்டன் அரசவையில் வாசித்த இத்தாலியர் கார்லோ ஃபரினா இன்னும் ஒரு படி மேலே போனார். 1627-ல் வந்த அவருடைய ‘கப்ரிச்சோ ஸ்ட்ராவகான்தே’யில் வயலின் பூனையாகக் கத்தும், நாயாகக் குரைக்கும், சேவலாகக் கூவும். வில்லைத் திருப்பி, அதன் மரக்கட்டையால் தந்தியைத் தட்டவும் வேண்டும்! “இது வேடிக்கைதானே?” என்பீர்கள். ஆமாம், வேடிக்கைதான். ஆனால் அந்த வேடிக்கையில்தான் தந்திக்குள் எத்தனை குரல் இருக்கிறது என்பது தெரிந்தது.

அப்போ உயிர்? வயலினை விட்டு ஆர்கனுக்கு வருவோம். ரோம் புனித பேதுரு பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர் ஃப்ரெஸ்கோபால்டி. விரலுக்குப் பெரிய சோதனை வைக்கும் டொக்காட்டாக்களை எழுதிய அவரே, தாளத்தைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள், உணர்ச்சிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள் என்று முன்னுரையில் சொல்லியிருக்கிறார். வித்தைக்காரருக்கே உயிரைப் பற்றித்தான் கவலை!

வேகம் மட்டும் போதும் என்று நான் வாதாடவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் ஓடினால் கேட்கிறவருக்குத் தலைவலிதான். ஆனால் கை பழகாதவர் மனசில் எவ்வளவு உணர்ச்சி இருந்தாலும் அது வெளியே வராதே!

காஸ்டெல்லோவும் ஒரு முன்னுரை எழுதினார். முதலில் பார்த்தால் கஷ்டமாகத்தான் தெரியும், மனம் தளராமல் திரும்பத் திரும்ப வாசியுங்கள், பழகிவிடும் என்று தைரியம் சொன்னார். இது நம்ம கணக்குப் பாடத்துக்கும் பொருந்தும்தானே?

ஆகவே நண்பர்களே, கஷ்டமானதை முயற்சி செய்கிறவரைப் பார்த்து “சீன் போடுறான்” என்று கிண்டல் பண்ணாதீங்க. முழுசாகக் கேளுங்க. பிறகு தீர்ப்புச் சொல்லுங்க. மறுப்பவர்கள் அடுத்த இதழில் எழுதலாம்!

– 11-ஆம் வகுப்பு மாணவன்