பேட்டரி போட்ட ஓய்வு

கால் வலிக்கிறதா? ஒரு துப்பாக்கி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பயப்படாதீர்கள். சுடாது, அடிக்கும்.

மசாஜ் கன் என்று பெயர். பார்ப்பதற்கு டிரில்லிங் மெஷின் மாதிரியே இருக்கும். இருக்காதா பின்னே? லாஸ் ஏஞ்சலீஸில் ஜேசன் வெர்ஸ்லாண்ட் என்று ஒரு கைரோபிராக்டர். 2007-ல் பைக் விபத்தில் மாட்டி, வலி பொறுக்க முடியாமல், ஒரு பவர் டூலை மாற்றியமைத்துத் தன் உடம்பில் வைத்துக்கொண்டார். அதுதான் பிற்பாடு 'தெராகன்' ஆனது. நிமிடத்துக்கு 2,400 அடி. வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 40.

இதற்கு ஓர் அண்ணனும் உண்டு. தொடை வரைக்கும் ஏறுகிற காற்று பூட்ஸ். பாதத்தில் தொடங்கி மேல்நோக்கிப் பிழிந்து பிழிந்து விடும். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் இதை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருக்கிற போட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள்.

அவர்கள் மாட்டிக்கொள்ளட்டும். வாரத்தில் மூன்று நான்கு மேட்ச், ஊர் ஊராக விமானம். உடம்புதான் அவர்களுக்கு முதலீடு. என் கேள்வி உங்களைப் பற்றி. ஒன்பது மணி நேரம் நாற்காலி, இரண்டு மணி நேரம் டிராஃபிக், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெசன்ட் நகர் கடற்கரையில் ஐந்து கிலோமீட்டர். இதற்கு 'ரெக்கவரி'யா? எதிலிருந்து?

சரி, அந்த மெஷின் என்னதான் செய்கிறது?

"தசையில் தேங்கிய லாக்டிக் ஆசிட்டை வெளியேற்றும்" என்று ஜிம்மில் சொல்வார்கள். பொய். உடற்பயிற்சியின்போது ஏறுகிற லாக்டேட், நிறுத்திய ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாகவே பழைய அளவுக்கு இறங்கிவிடும். திருப்பதி மலையை நடந்தே ஏறி இறங்கியவர்களைக் கேளுங்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள், அதற்கு மறுநாள்தான் மாடிப்படி இறங்கும்போது உயிர் போகும். பழக்கமில்லாத வேலையில், முக்கியமாக இறங்கும்போது, தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம் அது. உடம்பு அதை ரிப்பேர் பார்க்கும் சத்தம்தான் அந்த வலி. ரிப்பேர் முடிந்ததும் அடங்கிவிடும்.

ஒரு பயனும் இல்லையா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! 2020-ல் ஓர் ஆய்வு. கெண்டைக்காலில் ஐந்து நிமிடம் மசாஜ் கன் வைத்ததில் கணுக்கால் மடங்கும் அளவு ஐந்து டிகிரி சொச்சம் கூடியது. தசையின் பலம் மாறவில்லை. அதே ஆண்டு, விளையாட்டு வீரர்களுக்குக் கையால் செய்யும் மசாஜ் பற்றிய 29 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வலி கொஞ்சம் குறைகிறது, உடம்பு கொஞ்சம் வளைகிறது. ஓட்டமோ தாவலோ பலமோ கூடவில்லை. சுகமாக இருக்கிறதா? இருக்கிறது. சுகத்துக்குக் காசு கொடுப்பது தப்பில்லை. அதை மருத்துவம் என்று பில் போடுவதுதான் தப்பு.

பூட்ஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. காலில் இறங்கிய ரத்தம் மேலே இதயத்துக்குத் திரும்ப வேண்டும். அதைத் தள்ளிவிட உங்கள் கெண்டைக்காலிலேயே ஒரு பம்ப் இருக்கிறது. நடக்கும்போதெல்லாம் அந்தத் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடப்பவரால் நடக்க முடியாது. ரத்தம் தேங்கி உறையக் கூடாது என்பதற்காக ஆஸ்பத்திரியில் காற்றுப் பட்டை கட்டுகிறார்கள். அது உயிர் காக்கும் வேலை. எழுந்து நடக்க முடிகிறவர், நடக்காமல் உட்கார்ந்துகொண்டு, நடந்தால் சும்மா கிடைப்பதைப் பல ஆயிரம் கொடுத்து வாங்குவதை எந்தக் கணக்கில் எழுதுவது? பி.காம். படித்த எனக்குத் தெரிந்தவரை, செலவுக் கணக்கில்தான்.

காசோடு போனால் பரவாயில்லை. ஆபத்தும் இருக்கிறது.

காலில் ஏற்கெனவே ரத்தம் உறைந்து போயிருந்தால்? ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலிக்கும். சாதாரண தசைப்பிடிப்பு என்று நினைத்து அங்கே துப்பாக்கியை வைத்தாலோ, பூட்ஸை மாட்டினாலோ, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். இதை நான் கிளப்பிவிடவில்லை. பூட்ஸோடு வருகிற கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பெட்டியைப் பிரிக்கிற அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு, அடி எவ்வளவு பலமாக விழுகிறது என்பதே தெரியாது. 'அப்பாவுக்கு முட்டி வலி' என்று பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும். 2021-ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை சொல்வது இது: சீனாவில் ஓர் இளம்பெண், சைக்கிள் மிதித்த களைப்புக்குத் தன் பயிற்சியாளரிடம் தொடையில் மசாஜ் கன் வைக்கச் சொல்லிக்கொண்டார். பிறகு கடும் வலி. சிறுநீர் டீ நிறத்தில் போக ஆரம்பித்தது. தசை சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்திருந்தது. சிறுநீரகத்தையே பதம் பார்க்கக்கூடிய விஷயம். அபூர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், 'அட, மசாஜ்தானே' என்று அலட்சியப்படுத்துகிற சமாச்சாரமும் இல்லை.

இதையெல்லாம் விட எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று.

உடம்பு தேறத் தேவையான முதல் மருந்து தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. தூக்கத்தை டப்பாவில் அடைத்து இஎம்ஐ-யில் விற்க முடியாதே! ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஆபீஸ் மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டு, ஆறு மணிக்கு எழுந்து, தோள் பட்டையில் துப்பாக்கி வைத்துக்கொள்கிறோம். ஓய்வைப் பறித்தது ஒருவர். அதன் டூப்ளிகேட்டை நமக்கே விற்பது இன்னொருவர். இரண்டு பேருக்கும் லாபம். நஷ்டக் கணக்கு மட்டும் நம் பெயரில்.

நமக்காவது வாங்க வசதி இருக்கிறது. தி.நகரில் புடவை எடுத்துப் போடுகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே. நடந்தால் கெண்டைக்கால் பம்ப் வேலை செய்யும். அசையாமல் நின்றால் ரத்தம் தேங்கும், சிரைகள் புடைக்கும். உண்மையான 'ரெக்கவரி' தேவைப்படுகிற கால்கள் அவை. அவர்களுக்கு வேண்டியது பூட்ஸ் இல்லை, ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலுக்கு ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. கேரளம் 2018-ல் போட்டது. தமிழ்நாடு 2021-ல், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்றது.

சட்டம் வந்தாச்சு. ஸ்டூல் வந்ததா? அடுத்த முறை ஜவுளிக்கடைக்குப் போகும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். கவுன்ட்டருக்குப் பின்னாலும் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இல்லை என்றால் கல்லாவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்டூல் இருந்தும் யாரும் உட்காரவில்லை என்றால், ஏன் என்றும் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் முதலாளி காதில் கொஞ்சமாவது விழும்.

உங்கள் கால் வலிக்கு? இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்குப் போனை அணைத்துவிட்டுப் படுங்கள். ஒரு வாரம் செய்து பாருங்கள். அப்படியும் வலித்தால் டாக்டரைப் பாருங்கள். துப்பாக்கி வாங்குவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.