தென்னை மரமா, புல்லா?

உங்கள் வீட்டில் ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால், இந்நேரம் அந்தப் பாடம் உங்களுக்கும் மனப்பாடமாகியிருக்கும். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம்! விளக்கு வைக்கிற நேரத்தில் மூச்சு விடாமல் ஒப்பிப்பதைக் கேட்டால் ஏதோ ஸ்தோத்திரம் என்றே தோன்றும். பரீட்சையில் மார்க்கும் வந்துவிடும். ஆனால், "பல்லியும் கரப்பானும் சுவரில்தானே ஊர்கின்றன? ஏன் ஒரே கூட்டத்தில் சேர்க்கவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை திருதிருவென்று விழிக்கும். ஒன்றுக்கு முதுகெலும்பு உண்டு, மற்றதற்கு இல்லை என்பது அந்த ஏழு வார்த்தைகளில் எங்கே இருக்கிறது?

எந்த அடையாளத்தை வைத்துப் பிரித்தாய் என்று கேட்பதில்தான் இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது. தொல்காப்பியர் மரபியலில் புலன்களை எண்ணி உயிர்களைப் பிரித்தார். புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பு மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு. இதைச் சொல்லிவிட்டு, புலன்களுக்குப் பதிலாகக் கால்களை எண்ணச் சொல்லுங்கள். எறும்புக்கு ஆறு, தும்பிக்கும் ஆறு. நண்டுக்குக் கொடுக்குகளையும் சேர்த்துப் பத்து. எறும்பும் தும்பியும் கைகோத்துக்கொள்ள, நண்டு தனியே நின்றுவிடுகிறது! அடையாளம் மாறினால் கூட்டமும் மாறும் என்பதைப் பிள்ளை விரல்விட்டு எண்ணியே கண்டுகொள்ளும்.

அதே மரபியலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெளிப்புறம் வைரம் பாய்ந்திருந்தால் புல், உட்புறம் பாய்ந்திருந்தால் மரம் என்கிறார். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்! சிரிக்காதீர்கள். இன்றைய தாவர சாஸ்திரமும் தென்னையை மாமரத்தோடு சேர்க்காமல், ஒரு வித்திலைத் தாவரம் என்று புல் இருக்கிற பக்கத்தில்தான் வைத்திருக்கிறது. வாழையும் அந்தப் பக்கம்தான். வாழையிலையைக் கிழித்தால் நரம்போடு நேராகக் கிழியும். மாவிலை கோணல்மாணலாகக் கிழியும். உபாத்தியாயர் பத்து இலைகளைப் பொறுக்கி வரச் சொல்லி, "இரண்டு குவியலாக்குங்கள்" என்றால் ஒரு பீரியட் போவதே தெரியாது. வகுப்பில் சண்டை வரும். வரட்டுமே!

வௌவாலைப் பறவை என்று எழுதுகிற பையனுக்குச் சிவப்பு மையில் பூஜ்யம் போடுவது சுலபம். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்க அரை நிமிஷம்தானே ஆகும்? இறக்கையைப் பார்த்து எழுதியிருப்பான். குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பறவை உண்டா என்று கேட்டால் தானே திருத்திக்கொள்வான். இந்தச் சாஸ்திரத்தின் தந்தை என்று கொண்டாடப்படுகிற ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், 1735-ல் திமிங்கிலத்தை மீன்களோடுதான் சேர்த்தார். 1758-ல் அதைப் பாலூட்டியாக்கினார். அதே பதிப்பில் வௌவாலைக் கொண்டுபோய், மனிதனும் குரங்கும் இருக்கிற வரிசையில் உட்கார வைத்துவிட்டார்! பின்னால் வந்தவர்கள்தான் அதை அங்கிருந்து எழுப்பினார்கள். அவருக்கு எத்தனை மார்க் போடுவது?

நெட்டுருப் போட்ட பட்டியலாவது நிலைக்கிறதா? அந்தக் காலத்துப் பாடப் புத்தகங்களில் காளான் ஒரு தாவரம். 1969-ல் அமெரிக்க விஞ்ஞானி விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது, காளான் வகைக்கென்று ஒரு தனி உலகம் கொடுத்தார். இப்போதோ அது செடி கொடிகளைவிடப் பிராணிகளுக்குத்தான் நெருங்கிய உறவு என்கிறார்கள். காளானை அடுக்களைக்குள்ளேயே விடாத பாட்டிமார்கள் கேட்டால் விஞ்ஞானத்தை மெச்சிக்கொள்வார்கள்!

இன்று ராத்திரி சாப்பாட்டின்போது உங்கள் பிள்ளைக்கு ஒரு கணக்குப் போடுங்கள். இறால் மீன், நட்சத்திர மீன், விலாங்கு மீன் என்று மூன்றையும் மீன் என்றே சொல்கிறோமே, உண்மையில் மீன் எது? முதுகெலும்பையும் செவுளையும் தேடினால் மூன்றில் ஒன்றுதான் தேறும். பெயரைச் சொன்னதும் விட்டுவிடாதீர்கள். மற்ற இரண்டையும் ஏன் தள்ளினாய் என்று கேளுங்கள்.