காணாத கணினிக்கு நாடி பார்த்தல்

நம் சங்கக் குடும்பங்களில் கணினித் தொழிலைச் சார்ந்து வாழ்வோர் இன்று இருவகைப்படுவர். ஒருவகையினர், அலுவலகம் கொடுத்தனுப்பிய சிறு கணினியை வீட்டுக் கூடத்திலோ, சமையலறையை ஒட்டிய மூலையிலோ வைத்துக்கொண்டு, எங்கோ தொலைவிலுள்ள கணினியில் வேலை செய்பவர்கள். மற்றொரு வகையினர், அத் தொலைவுக் கணினிகள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று இரவும் பகலும் கண்காணிப்பவர்கள். செம்பூரிலோ டோம்பிவிலியிலோ ஒரே கட்டடத்தின் முதல் மாடியில் முன்னவரும் இரண்டாம் மாடியில் பின்னவரும் குடியிருப்பது அரிதன்று. "காலை முழுவதும் திரை நகரவே இல்லை" என்பார் முதல் மாடிக்காரர். "எங்கள் டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாகத்தானே இருந்தது" என்பார் இரண்டாம் மாடிக்காரர். இருவரும் பொய் சொல்லுகிறவர்கள் அல்லர்.

ஆயினும், இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டினால் நட்டப்படுபவர் எப்போதும் முதல் மாடிக்காரரே. லாகின் ஆன நேரத்திலிருந்து வருகையைக் கணக்கிடும் இடங்கள் பல உள. ஒன்பது மணிக்குப் பொத்தானை அழுத்தியவருக்கு ஒன்பதே காலுக்குத் திரை திறந்தால், அந்தக் காலணி மணிநேரம் அவர் பெயரில் தாமதமாக ஏறுகிறது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடிவந்து உட்காரும் நம் சகோதரிகள் இதனால் மேலாளரிடம் பெறும் சொல்லை நாம் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம். பலகை பச்சையாக இருந்தது என்பது அவர்களுக்கு எதிரான சாட்சியாகவே ஆகிவிடுகிறது. ஆகவே, இப் பலகை எதைக் காண்கிறது, எதைக் காண்பதில்லை என்பதை இம்மாதம் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

மெய்நிகர் டெஸ்க்டாப் என்பது பெரிய மாயம் ஒன்றும் அன்று. நவி மும்பையின் ஐரோலியிலோ, மகாபேயிலோ, சென்னையை அடுத்த சிறுசேரியிலோ உள்ள தரவு மையத்தில் ஒரு பெரிய சர்வர் இருக்கும். அதன் செயலியும் நினைவகமும் பலருக்குப் பங்கிடப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி போலத் தோன்றும்படி அமைக்கப்பட்டிருக்கும். வேலை அங்கே நடக்கிறது. அதன் படம் மட்டும் நம் வீட்டுக்கு வருகிறது. நாம் தட்டும் எழுத்தும் சுட்டியின் அசைவும் அங்கே செல்லுகின்றன. சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் ஏற்பாடு, முன்பு விஎம்வேர் வசமிருந்து 2024-இல் ஆம்னிஸ்ஸா என்று தனி நிறுவனமாகிவிட்ட ஹொரைசன், மைக்ரோசாஃப்டின் அஷூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப் ஆகியன இவற்றுள் பெயர் பெற்றவை. 2020 மார்ச்சு மாத ஊரடங்கின்போது அலுவலகங்கள் ஒரே வாரத்தில் வீடுகளுக்குள் புகுந்தன அல்லவா? அன்று முதல் இவ்வேற்பாடு நம் வீட்டுப் பொருளாகிவிட்டது.

இனிக் காலை ஒன்பது மணிக்கு வருவோம். இவ்வமைப்பின் நலத்தை அறிவதற்கு அதைவிட நல்ல வேளை வேறில்லை. லாகின் என்பது ஒரே செயல் போலத் தோன்றினும், பல படிகள் கொண்டது. முதலில், இன்னாருக்கு எந்தக் கணினி என்று தரகர் நிரல் ஒன்று தேர்ந்து கொடுக்கிறது. அக் கணினி உறக்கத்தில் இருந்தால் அதனை எழுப்பவேண்டும். பிறகு இணைப்பு ஏற்படவேண்டும், கடவுச்சொல் சரிபார்க்கப்படவேண்டும், அலுவலக விதிகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படவேண்டும், தொடக்க நிரல்கள் ஓடவேண்டும், இவற்றோடு, அவருடைய புரொஃபைல், அஃதாவது அவருடைய அமைப்புகளும் கோப்புகளும் அடங்கிய மூட்டை, வேறொரு சேமிப்பகத்திலிருந்து கொண்டுவரப்படவேண்டும். நானூறு பேர் பத்து நிமிடத்துக்குள் வந்து கதவைத் தட்டினால், இப் படிகளில் எது குறுகலோ அங்கே நெரிசல் உண்டாகிறது. பெரும்பாலும் அது புரொஃபைல் மூட்டையாகவோ, அது வைக்கப்பட்டிருக்கும் சேமிப்பகமாகவோ இருக்கக் காண்கிறோம். சர்வரின் செயலி அப்போது பாதி ஓய்வாகவே இருக்கலாம். செயலியை மட்டும் பார்க்கும் பலகை பச்சை காட்டுவதில் வியப்பென்ன?

எனவே, லாகின் நேரத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் பலகையே பயனுள்ள பலகை. சிட்ரிக்ஸின் டைரக்டர் என்னும் கருவி இவ்வாறு பிரித்துக் காட்டுகிறது. மொத்தம் இரண்டு நிமிடம் என்று மட்டும் காட்டுவது, 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லும் நோயாளியைப் போன்றது.

பிரித்துக் காட்டினாலும் போதாது. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் வீட்டுப் பழமொழி. சோற்றுக்கு அது சரி, இங்கே சரிவராது. பானையின் அடியில் தீய்ந்திருக்க, மேலிருந்து எடுத்த பருக்கை நன்றாகவே இருக்கும். ஒரு கணக்கைப் பாருங்கள். நானூறு பேரில் 360 பேருக்கு 20 விநாடியில் திரை திறக்கிறது. 40 பேருக்கு 240 விநாடி, அஃதாவது நான்கு நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். கூட்டி வகுத்தால் சராசரி 42 விநாடி. 60 விநாடியைத் தாண்டினால் சிவப்பு என்று பலகைக்குச் சொல்லிவைத்திருந்தால், அது நாள் முழுதும் பச்சையாகவே இருக்கும். அந்த நாற்பது பேரும் தினந்தோறும் தாமதக்காரர்களாகவே இருப்பார்கள். 42 விநாடியில் லாகின் ஆனவர் அந்த நானூறு பேரில் ஒருவர்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள்!

இதற்கு மாற்று எளியது. நேரங்களைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக நிறுத்தி, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாம் இடத்தில் நிற்பவரின் நேரம் என்ன என்று பார்க்கவேண்டும். மேற்கண்ட கணக்கில் அது 240 விநாடி. பலகை உடனே சிவக்கும். அதன் பிறகு, அந்த நாற்பது பேருக்கும் பொதுவானது யாது என்று தேடவேண்டும். ஒரே சர்வரில் இருக்கிறார்களா? ஒரே சேமிப்பகத்தைப் பகிர்கிறார்களா? ஒரே ஊரிலிருந்து, ஒரே இணைய நிறுவனத்தின் வழியாக வருகிறார்களா? சர்வர் வாரியாகவும் ஊர் வாரியாகவும் பிரித்துப் பார்க்க வசதியில்லாத பலகையினால் இக் கேள்விகளுக்கு விடை கிடைக்காது.

இன்னொரு குறை இதனினும் கொடியது. லாகின் நேரம் என்னும் கணக்கில் லாகின் முடிந்தவர்கள் மட்டுமே இடம்பெறுகிறார்கள். உள்ளே வரவே முடியாமல், மூன்று முறை முயன்று களைத்துக் கைவிட்டவருக்கு அக் கணக்கில் இடமே இல்லை. அவர் விலகிய பிறகு சராசரி அழகாகக்கூடத் தெரியும். தோல்வியுற்ற இணைப்புகளின் எண்ணிக்கை, லாகின் நேரத்துக்குப் பக்கத்திலேயே, அதே பெரிய எழுத்தில் இருக்கவேண்டும் என்பது நம் கருத்து. சில இடங்களில் காலை ஏழு மணியிலிருந்தே ஒரு போலிப் பயனரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிரல் மூலம் லாகின் செய்வித்துப் பார்க்கிறார்கள். ஆட்கள் வருமுன்பே கதவு திறக்கிறதா என்று அறியும் நல்ல வழக்கம் அது.

தொலைவின் விஷயம் வெளிமாநிலத் தமிழராகிய நமக்குத் தனியே முக்கியமானது. பொங்கலுக்கு நெல்லைக்கோ தஞ்சைக்கோ செல்லும்போது, பத்து நாள் விடுமுறையோடு இன்னும் பத்து நாள் அங்கிருந்தே வேலை செய்யலாம் என்று பலருக்கு இன்று வாய்ப்பிருக்கிறது. வயது முதிர்ந்த பெற்றோரிடம் அதிகமாகத் தங்கக் கிடைக்கும் அந்த நாட்கள் எத்துணை அருமையானவை என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. அந்த வாய்ப்பு நிலைப்பதும் பறிபோவதும், அங்கிருந்து திரை எவ்வாறு நகர்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே, 100 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்ப ஒரு மில்லி விநாடி. மும்பைக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். போய்வரப் பத்து மில்லி விநாடி போதும். கேபிள் நேர்க்கோட்டில் செல்லுவதில்லை, வழியில் சாதனங்கள் பல உள்ளன; ஆதலின் உண்மையில் இதனினும் கூடும். எனினும், நெல்லையிலிருந்து மும்பைக் கணினியை இயக்குவதற்குத் தொலைவு மட்டும் தடையன்று. போய்வரும் நேரம் 150 மில்லி விநாடிக்குள் இருத்தல் நன்று என்பது மைக்ரோசாஃப்டின் அறிவுரை. கணினி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால் கதை வேறு. ஒளியின் வேகமே அங்கே எல்லை கட்டுகிறது. 200 மில்லி விநாடியை ஒட்டியே நேரம் அமையும், எழுத்து விரலுக்குப் பின்னால் இழுபடும்.

ஊரிலிருந்து வேலை செய்யும்போது திரை தடுமாறினால், வழக்கமாக வரும் மறுமொழி, "உங்கள் வீட்டு இணையம் சரியில்லை" என்பதே. சில சமயம் அது மெய். வைஃபை பலவீனமாக இருக்கும். சராசரி நேரம் குறைவாக இருந்தும், ஒரு கணம் 30, மறு கணம் 400 என்று குதிக்கும். குதிப்புத்தான் கண்ணுக்கு எரிச்சல். ஆனால் எப்போதும் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இதனைத் தீர்த்துவைக்கும் அளவை ஒன்று உண்டு. விண்டோஸ் சர்வர் 2019 முதலாக, பயனர் உள்ளீட்டுத் தாமதம் என்னும் கணக்கு அமைப்பிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. தட்டிய எழுத்து தொலைவுக் கணினியை அடைந்த பிறகு, அங்குள்ள நிரல் அதனை எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை அது அளக்கிறது. வழியில் கழிந்த நேரம் அதில் சேராது. போய்வரும் நேரம் குறைவாகவும் உள்ளீட்டுத் தாமதம் மிகுதியாகவும் இருந்தால், குற்றம் சர்வர்ப் பக்கம். தலைகீழாக இருந்தால் குற்றம் வழியில். இவ்விரண்டும் ஒரே பலகையில் அருகருகே இருந்துவிட்டால் பாதிச் சச்சரவு எழாது. ஏன் பல இடங்களில் அவ்வாறு வைப்பதில்லை என்பது நமக்கு விளங்கவில்லை.

சர்வருக்குள் பார்க்கவேண்டியவை வேறு சிலவும் உள. செயலி எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்பதைவிட, மெய்நிகர்க் கணினி வேலை செய்ய ஆயத்தமாக இருந்தும் செயலி கிடைக்காமல் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்பதே மேலான குறிப்பு. விஎம்வேர் அமைப்பில் இதற்கு 'ரெடி' நேரம் என்று பெயர். இருபது விநாடிக்கு ஒருமுறை எடுக்கும் அளவில் ஒரு செயலிக்கு 1,000 மில்லி விநாடி காணப்பட்டால், அது 5 விழுக்காடு. அதற்குமேல் போனால் கவனிக்கத்தக்கது. புரொஃபைல் மூட்டைகளுக்குப் பலரும் எஃப்எஸ்லாஜிக்ஸ் என்னும் ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள். 2018-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது அது. அதில் ஒருவருடைய பெட்டிக்கு இயல்பான கொள்ளளவு 30,000 மெகாபைட். பெட்டி நிரம்பியவருக்கு வேலை நின்றுபோகும். பொதுப் பலகையில் அவர் ஒருவர் நிறைந்தது தெரியாது. பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகும் நாளையும் இதே பலகையில் ஒரு மூலையில் எழுதிவைத்தல் வேண்டும். அது முடிந்த நாளில் ஒருவரும் உள்ளே வரமுடியாது.

இத்தனையும் இருந்து, சிவப்பு விழுந்தால் எழுந்திருக்க ஆள் இல்லையெனில் என் செய்வது? நாளொன்றுக்கு இருநூறு எச்சரிக்கைகள் அனுப்பும் பலகையை மூன்றாம் நாளே எவரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒருவர் பெயரும், அவர் செய்யவேண்டிய முதல் வேலையும் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். அவ்விரண்டும் இல்லாத எச்சரிக்கையை நீக்கிவிடலாம், நட்டமில்லை.

கசப்பான விஷயம் ஒன்றையும் சொல்லவேண்டும். கணினியின் நலத்தைக் காண வைத்த பலகை, மனிதரை வேவு பார்க்கும் பலகையாக மாற அதிக நாள் ஆவதில்லை. இன்னார் எத்தனை நிமிடம் சுட்டியை அசைக்கவில்லை என்பதும் அதே தரவில் கிடைக்கிறது. அதனை எடுத்து ஊழியரின் உழைப்புக்கு அளவுகோலாக்குவது முறையன்று. திரை உறைந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அக் கணக்கில் சோம்பேறியாகவே தோன்றுவார். இரண்டாம் மாடியில் இருக்கும் நம் அன்பர்கள், இத்தகைய அறிக்கை கேட்கப்படும்போது, அதனோடு அதே நேரத்து உள்ளீட்டுத் தாமதத்தையும் இணைப்பு அறுந்த நேரங்களையும் சேர்த்தே கொடுப்பார்களாக.

முதல் மாடியினர் செய்யக்கூடியதும் உண்டு. "மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் புகார் எழுதினால், அது பச்சைப் பலகையின் முன் நில்லாது. எந்நாள், எத்தனை மணி எத்தனை நிமிடம், எந்த ஊரிலிருந்து, வைஃபையா கேபிளா, அன்று கொடுக்கப்பட்ட தொலைவுக் கணினியின் பெயர் யாது என்பவற்றை ஒரு சிறு நோட்டில் குறித்துவைத்து எழுதுங்கள். அக் கணினியின் பெயர் பெரும்பாலும் திரையின் ஓரத்திலோ, அமைப்பு விவரங்களிலோ இருக்கும். லாகின்போது திரை எந்த வாசகத்தில் நின்றது என்பதையும் குறியுங்கள். 'குரூப் பாலிசி' என்று நின்றால் அலுவலக விதிகள் ஏறும் படி. 'யூசர் புரொஃபைல் சர்வீஸ்' என்றோ 'எஃப்எஸ்லாஜிக்ஸ்' என்றோ நின்றால் மூட்டை வரும் படி. கைப்பேசியில் அதனை ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நலம். நேரமும் அதிலேயே பதிந்திருக்கும். ஐந்து நாள் குறிப்பு சேர்ந்தவுடன் அதனைப் புகாரோடு இணைத்து, அதே ஐந்து காலைகளுக்கும் லாகின் படிகளின் கணக்கைத் தம் பெயருக்கு மட்டும் எடுத்துத் தரும்படி கேளுங்கள். அது பல இடங்களில் இரண்டு மூன்று நிமிட வேலைதான்.