பிரிவினைக்கு முன் கணக்கு தீர வேண்டும்

புது தில்லி: கடனையும் பங்கிடாமல் எந்தப் பாகப்பிரிவினைப் பத்திரமும் முழுமை பெறாது. குடும்பங்கள் அறிந்த இந்த நியதியை அரசுகள் மறந்துவிடுகின்றன. நாட்டையோ மாநிலத்தையோ பிரிக்கும் அவசரத்தில் கடனும் எல்லையும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன.

பிரிட்டிஷ் இந்தியா 1947-ல் இரண்டானபோது, சொத்துகளைப் பங்கிட எச்.எம். பட்டேல், சௌத்ரி முகமது அலி ஆகிய இரு அதிகாரிகளும், உடன்பாடு எட்டாதவற்றுக்கு சர் பாட்ரிக் ஸ்பென்ஸ் தலைமையில் நடுவர் மன்றமும் இருந்தனர். கடன் சுமையில் பாகிஸ்தானின் பங்கு 17.5 சதவீதம் என முடிவானது. கடன் கொடுத்தவர்களுக்கு முழுப் பொறுப்பையும் இந்தியா ஏற்றது. பாகிஸ்தான் தன் பங்கை 1952 முதல் 50 ஆண்டுத் தவணைகளில் இந்தியாவுக்குத் திருப்பித் தர வேண்டும். தவணைகள் வரவில்லை. மத்திய பட்ஜெட் ஆவணங்கள் இந்தப் பாக்கியை ரூ. 300 கோடி எனப் பல ஆண்டுகளாகக் காட்டி வந்தன. பாகிஸ்தானோ, தனக்குச் சேர வேண்டிய சொத்துகள் இந்தியாவிடம் இருப்பதாகக் கூறுகிறது.

ரொக்க இருப்பில் பாகிஸ்தானுக்கு உரிய ரூ. 75 கோடியில் ரூ. 55 கோடி, காஷ்மீர்ப் போரைக் காரணம் காட்டி நிறுத்திவைக்கப்பட்டது. காந்தியடிகள் 1948 ஜனவரி 13-ல் உண்ணாவிரதம் தொடங்கிய பின், 15-ம் தேதி அதை விடுவிக்க அரசு முடிவெடுத்தது. எல்லையின் கதை இன்னும் கொடியது. ஜூலை 8-ல் இந்தியா வந்த ராட்கிளிஃப் வகுத்த கோடு ஆகஸ்ட் 17-ல்தான் வெளியானது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலேயே பஞ்சாபிலும் வங்கத்திலும் மக்கள் சுதந்திர தினத்தைக் கண்டனர்.

இரு நாடுகளுக்கும் மேலே பொதுவான நீதிமன்றம் இல்லை என்று அன்று சமாதானம் சொல்லலாம். மாநிலங்களைப் பிரிக்கும்போது அதுவும் செல்லாது. நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் இருக்கின்றன. இருந்தும் நடப்பது என்ன?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், நெருள் எனப் பரவி வாழும் தமிழர்கள், எல்லைக்காக ரத்தம் சிந்திய மண்ணில் வாழ்கின்றனர். பம்பாய் நகரம் யாருக்கு என்ற போராட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகே 1960 மே 1-ல் மகாராஷ்டிரமும் குஜராத்தும் பிறந்தன. பெல்காம் கேட்டு மகாராஷ்டிரம் 2004-ல் உச்ச நீதிமன்றம் சென்றது; இருபது ஆண்டுகள் கடந்தும் முடிவில்லை. நமக்குத் திருத்தணி திரும்பியதும் 1960-ல்தான். ஆந்திரம் பிரிந்ததோ 1953-ல்.

பாடம் கற்றோமா? ஆந்திரப் பிரிவினை மசோதா 2014 பிப்ரவரி 18-ல், தொலைக்காட்சி நேரலை நின்றுபோன மக்களவையில் நிறைவேறியது. மக்கள்தொகை விகிதப்படி 58.32, 41.68 எனக் கடன் பிரிந்தது. ஆனால் அட்டவணையில் இடம்பெற்ற நிறுவனங்களின் சொத்தும் ஊழியர்களும் பேச்சுவார்த்தைக்கு விடப்பட்டனர். உயர்கல்வி மன்றத்தின் நிதிக்காக 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. ஆந்திரத்தைச் சேர்ந்தவர்கள் என்று கூறி தெலங்கானா மின் நிறுவனங்கள் 2015-ல் விடுவித்த 1,100-க்கும் மேற்பட்ட ஊழியர்கள், தங்கள் பணியிடம் எது என்று அறியாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். ஹைதராபாத் பொதுத் தலைநகராக இருந்த பத்தாண்டு 2024 ஜூனில் முடிந்தது. அடுத்த மாதமும் இரு முதல்வர்கள் பிரிவினைப் பாக்கிகளைப் பேசவே அமர்ந்தனர்.

கணக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் புதிய மாநிலமே பிறக்காது என்பர். காத்திருக்கச் சொல்லவில்லை. பங்கீட்டு விகிதம், சொத்துப் பட்டியல், தனித்த நடுவர், காலக்கெடு ஆகிய நான்கும் மசோதாவிலேயே இருக்க வேண்டும். கெடு முடிந்ததும் தீராத விவகாரம் தானாகவே நடுவரிடம் செல்ல வேண்டும். அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவு நாடாளுமன்றத்துக்குப் பிரிக்கும் அதிகாரத்தைத் தந்துள்ளது. பிரித்ததை முடித்துவைக்கும் பொறுப்பும் அந்த அதிகாரத்துக்குள் அடங்கியதே. அடுத்த மாநிலக் கோரிக்கை அவைக்கு வரும்போது, பெயரையும் தலைநகரையும் விவாதிப்பதற்கு முன் கணக்குப் புத்தகத்தைக் கேட்கும் உறுப்பினர்கள் வேண்டும்.