18-ஐயும் 58-ஐயும் சேர்த்தே எண்ணுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்தங்களே,

கோவை செல்வபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது குடும்பமும் வேலையும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில். ஊரிலிருக்கும் உறவுகளோடும் என்னைப்போல் வெளியேறியவர்களோடும் வாட்ஸ்அப் குழுக்களில் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். பிப்ரவரி வந்தால் அந்தப் பேச்சு சண்டையாகிவிடுகிறது. ஒருவர் 1998 குண்டுவெடிப்புப் படங்களைப் போடுவார். இன்னொருவர் 1997 கலவரத்தை மறந்துவிட்டீர்களா என்பார். கடைசியில் யாராவது ஒருவர் குழுவை விட்டுப் போவார். போனவரை யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை. இரண்டு தரப்பும் படிக்க வேண்டும் என்றுதான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் 2022-ஐ நேராகப் பேசிவிடுவோம். அந்த ஆண்டு அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடிகாலை, உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் ஒரு மாருதி கார் வெடித்தது. அதை ஓட்டிவந்த ஜமேஷா முபின் இறந்தார். காரில் எரிவாயு சிலிண்டர்களோடு ஆணிகளும் கோலிக்குண்டுகளும் இருந்தன. அவர் வீட்டில் 75 கிலோ வெடிமருந்து மூலப்பொருள்கள் கிடைத்ததாகக் காவல்துறை சொன்னது. சில நாள்களிலேயே ஊபா எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் கைதுகள் நடந்தன. முதல்வர் ஸ்டாலின் பரிந்துரைக்க, வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்குப் போனது. ஐ.எஸ். அமைப்புக்கு விசுவாசம் ஏற்று முபின் இதைச் செய்தார் என்பது என்.ஐ.ஏ.வின் குற்றச்சாட்டு.

இதற்கிடையே ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பக்கம் சிலிண்டர் வெடிப்பு என்றார்கள். மறுபக்கம் பா.ஜ.க.வின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை, தற்கொலைத் தாக்குதல் என்று அரசே அறிவிக்க வேண்டும் என்றார். அக்டோபர் 31-க்கு பா.ஜ.க.வினர் பந்த் அறிவித்தார்கள், பிறகு கைவிட்டார்கள். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆணியும் கோலிக்குண்டும் ஆட்களின் உடம்பைக் கிழிப்பதற்காக வைக்கப்படுபவை. அதை விபத்துபோல் தணித்துப் பேசுவது முஸ்லிம்களுக்குச் செய்யும் நன்மை இல்லை. எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் அப்போது முஸ்லிம்கள் நிறைந்த கோட்டைமேட்டில் கடை வைத்திருக்கும், பள்ளிக்கூடம் போகும் அத்தனை பேர் மேலும்தான் விழுகிறது. அதைவிடப் பெரிய கெடுதல், அந்த ஒரு காரை வைத்து ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. வெடிப்பு நடந்த சில நாள்களில் கோவை ஜமாஅத்துகளின் பிரதிநிதிகள் அதே கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்குப் போய் அர்ச்சகர்களைச் சந்தித்துப் பேசினார்கள். பந்த் அறிவிப்பு ஊரெல்லாம் தெரிந்த அளவுக்கு இந்தச் செய்தி தெரியவில்லை. எங்கள் குழுக்களில் ஒருவரும் அதைப் பகிரவில்லை.

இப்போது பழைய கணக்குக்கு வருகிறேன். நம் ஊரின் நோய் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1992 டிசம்பர் 6-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின் நாடெங்கும் மூண்ட பகையில் நம் ஊரும் சிக்கியது. எஸ்.ஏ.பாஷா தொடங்கிய அல்-உம்மா ஒரு பக்கம், இந்து அமைப்புகளின் தெருமுனைப் பேச்சு ஒரு பக்கம் என்று வெறுப்பு வளர்ந்தது. 1997 நவம்பர் 29 இரவு உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். பணியில் இருந்த ஒரு காவலரைக் கொன்றது கொடுமை, அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் மறுநாள் நடந்ததை நம் வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். காவலர்களே வேலையை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டிலும் கும்பலின் கையிலுமாக 18 முஸ்லிம்கள் செத்தார்கள். காயம்பட்டுச் சிகிச்சைக்கு வந்தவர்களை அரசு மருத்துவமனையான ஜி.ஹெச். வளாகத்திலேயே கும்பல் தாக்கியது. உயிர் பிழைக்க வந்த இடம் அது.

இரண்டரை மாதம் கழித்து, 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. தேர்தல் நேரம். ஆர்.எஸ்.புரத்தில் அத்வானி பேசுவதாக இருந்தது, அவர் வர வேண்டிய விமானம் தாமதமானது. ரயில் நிலையம், ஜி.ஹெச்., ஆர்.எஸ்.புரம் என்று குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. 58 பேர் செத்தார்கள். காயம்பட்டவர்கள் 200-க்கும் மேல். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ராணுவம் வந்து இறங்கியதும், குண்டு வைத்த கார் ஒன்று ஆர்.எஸ்.புரத்தில் நாள்கணக்கில் நின்றதும், அதைச் செயலிழக்க வைக்கும்வரை அந்தப் பக்கத்து வீடுகள் காலியாகக் கிடந்ததும் என் வயதுக்காரர் எல்லோருக்கும் நினைவிருக்கும். நவம்பர் மாதக் கொலைகளுக்கு அந்த 58 பேரில் யார் காரணம்? குண்டு வைத்தவனுக்குச் செத்தவர்களின் பெயர்கூடத் தெரியாது.

சொந்தங்களே, என் குறை இதுதான். பிப்ரவரியைச் சொல்கிறவர்கள் நவம்பரைச் சொல்வதில்லை. நவம்பரைச் சொல்கிறவர்கள் பிப்ரவரியை அதன் எதிர்வினை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். 18 பேரைக் கொன்றதை 58 பேரைக் கொன்றது நேர் செய்யவில்லை. 58 பேரின் சாவால் 18 பேரின் சாவு நியாயமாகிவிடவும் இல்லை. பாதிக் கணக்கைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு மீதிக் கணக்கைச் சொல்லித்தர ஒருவன் எங்கிருந்தாவது வந்துவிடுவான். அவன் வெறும் கணக்கைச் சொல்லிவிட்டுப் போக மாட்டான், பழி தீர்க்கவும் சொல்லித்தருவான்.

இந்தச் சாவுப் பட்டியல் 1998-உடன் முடியவும் இல்லை. 2016 செப்டம்பர் 22 இரவு இந்து முன்னணியின் செய்தித் தொடர்பாளர் சசிகுமார் வீடு திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். மறுநாள் அவருடைய இறுதி ஊர்வலத்தின் பெயரால் துடியலூர் வரை கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. செத்தவரின் குடும்பத்துக்கு அதனால் என்ன ஆறுதல் கிடைத்தது? 2017 மார்ச் 16 இரவு திராவிடர் விடுதலைக் கழகத்தின் ஃபாரூக் கொல்லப்பட்டார். பழைய இரும்பு வியாபாரம் செய்தவர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கடவுள் இல்லை என்று பேசியவர். அதற்காகவே அவரைக் கொன்றார்கள். மகனின் கொள்கையில் தானும் சேர்வதாக அவருடைய அப்பா அறிவித்தார். சசிகுமாருக்கு ஒரு கூட்டம் அழுதது, ஃபாரூக்குக்கு இன்னொரு சின்னக் கூட்டம் அழுதது. இரண்டு பேருக்கும் சேர்ந்து அழ நம் ஊரில் ஒரு கூட்டம் இல்லை.

ஃபாரூக் கொல்லப்பட்ட அதே மார்ச் மாதத்தில்தான், இலங்கையின் காத்தான்குடியில் சஹ்ரான் ஹாஷிமின் ஆட்கள் சூஃபி வழி முஸ்லிம்கள் மீது வாளோடு பாய்ந்தார்கள். அந்த சஹ்ரான் 2019 ஏப்ரல் 21-இல், ஈஸ்டர் ஞாயிறு அன்று, தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் நடத்திய தாக்குதலில் 260-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவனுடைய பேச்சுகளைக் கேட்டவர்கள் நம் கோவையிலும் இருந்தார்கள் என்று என்.ஐ.ஏ. அந்த ஆண்டே அங்கே சோதனை நடத்தியது. அப்போது விசாரிக்கப்பட்டவர்களில் முபினும் ஒருவர். சஹ்ரான் பேசியது தமிழில். நம் பிள்ளைகளுக்குப் புரியும்படி, நம் பேச்சில் வந்த விஷம் அது. சூஃபி முஸ்லிம்களையும் ஃபாரூக்கையும் நினைத்தால் ஒன்று விளங்கும். இந்தத் தீவிரவாதம் முதலில் கை வைப்பது சொந்தச் சமூகத்துக்குள் மாறுபடுகிறவன் மேல்தான்.

நான் இருக்கும் ஊரிலும் இதைக் கண்டுவிட்டேன். 2021 செப்டம்பர் 3-இல் ஆக்லாந்தின் நியூ லின் பகுதியில், ஒரு சூப்பர் மார்க்கெட்டின் அலமாரியிலிருந்தே கத்தியை எடுத்து ஒருவர் வாடிக்கையாளர்களைக் குத்தினார். அவரும் காத்தான்குடிக்காரர், தமிழ் பேசுகிறவர், மாணவராக இங்கே வந்து அகதியானவர். ஐ.எஸ். ஆதரவுப் பதிவுகளால் ஆண்டுக்கணக்கில் போலீஸ் கண்ணில் இருந்தவர், சிறையிலும் இருந்தவர். தாக்குதலுக்குத் திட்டமிடுவது மட்டும் அன்றைய சட்டப்படி பயங்கரவாதக் குற்றமாகாது என்று நீதிமன்றம் சொன்னது. விடுதலையான சில வாரங்களில், போலீஸ் பின்தொடர்ந்துகொண்டிருக்கும்போதே கத்தியை எடுத்தார். அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதமே சட்டத்தை மாற்றினார்கள். முபினை 2019-இல் விசாரித்தார்கள். இவரை இரவும் பகலும் கண்காணித்தார்கள். இரண்டு இடத்திலும் போலீஸ் மட்டும் போதவில்லை.

இந்த நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் மிகப் பெரிய படுகொலையைச் செய்தவனோ யார் கண்ணிலும் படவில்லை. 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமை, கிறைஸ்ட்சர்ச்சின் இரண்டு மசூதிகளில் ஒரு வெள்ளை இனவெறியன் 51 பேரைச் சுட்டுக் கொன்றான். செத்தவர்களில் கொடுங்கல்லூர்ப் பெண் ஒருவரும் உண்டு. தங்களுக்கு ஆபத்து வருகிறது என்று இங்குள்ள முஸ்லிம் பெண்கள் அமைப்பு அரசிடம் பலமுறை முறையிட்டிருந்தது. உளவு அமைப்புகளின் கவனமெல்லாம் இஸ்லாமியத் தீவிரவாதத்தின் மேலேயே பொருத்தமில்லாத அளவுக்குக் குவிந்திருந்தது என்று 2020-இல் விசாரணை ஆணையம் எழுதியது. அது இல்லாமல் இருந்திருந்தாலும் அவனைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றும் அதே அறிக்கை நேர்மையாகச் சொன்னது. நமக்கு இதில் பாடம் உண்டு. 2008-இல் தென்காசியில் ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தபோது, விசாரணையின் முடிவில் கைதானவர்கள் இந்து அமைப்பைச் சேர்ந்தவர்கள். குல்லாவைப் பார்த்துத் தேடும் போலீஸ், குல்லா போடாதவனைத் தவற விடும்.

நியாயம் என்றால் அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். குண்டுவெடிப்பு வழக்கில் 2007-இல் 158 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதே தீர்ப்பில், ஒன்பது ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்த கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி விடுதலையானார். அந்த ஆண்டுகளை அவருக்கு யார் திருப்பிக் கொடுத்தார்கள்? வழக்கை விரைந்து நடத்தாத அரசு, குற்றமில்லாதவரையும் தண்டிக்கிறது, குண்டில் செத்தவர் குடும்பத்தையும் காக்க வைக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் அல்-உம்மா பாஷா இறந்தபோது பெரிய ஊர்வலம் நடந்தது, தலைவர்கள் வந்து புகழ்ந்தார்கள். அடக்கம் செய்யவும் அழவும் குடும்பத்துக்கு உரிமை உண்டு, அதில் யாரும் குறுக்கிடக் கூடாது. ஆனால் 58 உயிர்கள் போன வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவரைத் தியாகியாக்கியது தவறு. அதைக் கோட்டைமேட்டுப் பெரியவர்கள்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன்.

என்னைப்போல் வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. துபாயிலும் சிங்கப்பூரிலும் டெக்சாஸிலும் உட்கார்ந்துகொண்டு நாம் தட்டிவிடும் வீடியோவுக்கு நாம் விலை கொடுப்பதில்லை. உக்கடத்தில் பூக்கடை வைத்திருப்பவரும் ஒப்பணக்கார வீதியில் துணி விற்பவரும் கொடுக்கிறார்கள். எந்த அமைப்புக்குப் பணம் அனுப்புகிறோம், அந்தப் பணம் என்ன செய்கிறது என்று கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்த அமைப்பின் பெயரில் எந்தச் சாமி இருந்தாலும் சரி.

நம் ஊரால் முடியாதது ஒன்றுமில்லை. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது, கலெக்டர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் போலீசும் தொழிலாளிகள் தங்கியிருந்த இடங்களுக்கே போய், இந்தியிலேயே பேசி, அச்சத்தைத் தணித்தார்கள். அந்த வேகம் மத விஷயத்தில் மட்டும் ஏன் வருவதில்லை? கோனியம்மன் தேர் ஒப்பணக்கார வீதியில் வரும்போது அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல் முன்னால் முஸ்லிம்கள் பக்தர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து நெகிழ்வதோடு நிற்காமல், அதே ஆட்களையும் கோயில் கமிட்டிக்காரர்களையும் மாதம் ஒருமுறை ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும். பையன் ஒருவன் வீட்டில் பேசுவதை நிறுத்தி, எந்நேரமும் கைபேசியோடு அறைக்குள் கிடக்கிறான் என்றால் தாய்க்குத்தான் முதலில் தெரியும். தெருவையே சோதனை போட்டுவிடுவார்களோ என்ற பயம் இல்லாமல் அந்தத் தாய் போய்ச் சொல்ல ஓர் இடம் வேண்டும். சஹ்ரான் தமிழில் பேசியதற்கு ஆலிம்கள் தமிழிலேயே, வெளிப்படையாக, பெயர் சொல்லிப் பதில் பேச வேண்டும். வெறுப்பைப் பேசும் இந்து மேடைகளில் முன்வரிசையில் உட்காரும் நம் மில் முதலாளிகளும் ஊர்ப் பெரியவர்களும் இனி அந்த நாற்காலிகளுக்குப் போகக் கூடாது. முஸ்லிம் என்று தெரிந்ததும் வாடகைக்கு வீடு இல்லை என்று சொல்வதை நம்மவர்கள் நிறுத்த வேண்டும். இது எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரி 14-உம் ஆர்.எஸ்.புரத்தில் அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. அடுத்த முறை அங்கே காவலர் செல்வராஜின் பெயரையும், நவம்பரில் செத்த 18 பேரின் பெயர்களையும், குண்டுவெடிப்பில் செத்த 58 பேரின் பெயர்களையும், சசிகுமார், ஃபாரூக் பெயர்களையும் ஒரே மேடையில் வாசியுங்கள். ஜமாஅத்துக்காரர்களை முறையாக அழையுங்கள். அழைத்தால் அவர்களும் மறுக்காமல் வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரி,
ஆக்லாந்திலிருந்து