கற்பனைக் காமிராவும் கல்வியும்

பாடத்திற்கும் விரிவாக்கப் பணிக்கும் உரிய சிறு சித்திரப் படங்களைக் கணிப்பொறியில் தாமே ஆக்கும் ஆசிரியர்களும் ஊழியர்களும் இன்று பலர் உளர். காட்சியை நகர்த்தவும் பெரிதாக்கவும் ஆயத்தக் கருவிகள் கிடைக்கும்போது, அதற்கான கற்பனைக் காமிராவைத் தாமே அமைப்பது வீண் உழைப்பு என்பர் சிலர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

இக்காமிராவுக்கு வில்லையும் இல்லை, பெட்டியும் இல்லை. கிடைநிலை, குத்துநிலை, பெருக்கம் என்னும் மூன்று எண்களே அது. பொருளின் இடத்திலிருந்து காமிராவின் இடத்தைக் கழித்து, வந்த விடையைப் பெருக்கத்தால் பெருக்கினால், திரையின் மையத்திலிருந்து அப்பொருள் தோன்றவேண்டிய தொலைவு கிடைக்கும். மரம் 300-இலும் காமிரா 200-இலும் இருந்து, பெருக்கம் 2 ஆயின், மரம் மையத்திற்கு வலப்புறம் 200 அலகில் தோன்றும். காமிராவை 250-க்கு நகர்த்தினால் அது 100 ஆகும். காமிரா வலப்புறம் செல்ல, அசையாத மரம் இடப்புறம் செல்கிறது!

1937-இல் வெளிவந்த 'தி ஓல்ட் மில்' என்னும் படத்தில், வால்ட் டிஸ்னி நிலையத்தார் கண்ணாடிப் பலகைகளில் தீட்டிய சித்திரங்களை அடுக்கடுக்காக வைத்துப் படம்பிடித்து, காட்சிக்கு ஆழம் தந்தனர். அப்பெரும் பொறியின் வேலையைக் கணிப்பொறியில் ஒரு வகுத்தல் கணக்கே செய்துவிடும். தொலைவிலுள்ள மலையின் நகர்வை மட்டும் 10-ஆல் வகுத்தால், மரம் விரைந்தோட மலை மெல்ல நகரும்.

ஓடத்தில் செல்வோனுக்குக் கரைப்பொருள்கள் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவது போன்றே, விண்மீன்களும் மேற்கு நோக்கிச் செல்வதாகத் தோன்றுகின்றன என்று கி.பி. 499-ஐச் சார்ந்த ஆரியபடீயம் விளக்குகிறது. அவ்வுவமையை மனப்பாடம் செய்யும் மாணவன் அதை மறத்தல் கூடும். கழித்தற்குறியைத் தன் கையால் இட்டு, மரம் ஓடக் கண்டவனோ அதனை எளிதில் மறவான்.

கள ஊழியர்க்கும் இதில் பயனுண்டு. பயிரைத் தின்னும் சிறு பூச்சியைத் திடீரெனத் திரையளவு காட்டினால், அது வேறொரு பிராணி என்று உழவர் எண்ணக்கூடும். பெருக்கத்தை 1-இலிருந்து சிறிது சிறிதாக உயர்த்தினால், தம் வயலில் கண்ட பூச்சியே அது என்பது விளங்கும். காரணமின்றிக் காமிராவை ஆட்டுவது கருத்தைச் சிதறடிக்கும் என்பதும் செய்து பார்த்தோர்க்கே புலப்படும்.

நேரமின்மை உண்மையே. அவசரப் பணிக்கு ஆயத்தக் கருவி போதும். எனினும், ஒருமுறையேனும் இதனை மாணவரோடு சேர்ந்து அமைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு அமைத்தோர்க்குக் கருவி ஏவலாளாகும். அமைத்தறியாதார்க்கோ அதுவே எசமானாகும்.